வானிலிருந்து பார்த்த மேல்மலை

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்களைத் தொட்டுச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், வழி நெடுக இருமருங்கும் நெருங்கி நிற்கும் மரங்களைப் பார்த்து, இந்த மலை ஆதிகாலந்தொட்டு இப்படியே காடு அடர்ந்துதான் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வது சகஜம். அந்த எண்ணம் சரியன்று. இன்று அங்கே நிற்கிற மரங்களில் பெரும்பகுதி ஒரு மனித ஆயுளுக்குள் வந்து சேர்ந்தவை. அவை வேரூன்றியிருக்கும் நிலத்தில் மிகுதியானது அதற்கு முன் புல்வெளியாகக் கிடந்த நிலம். ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லக் கேட்கலாம். வாய்மொழியை ஏற்கத் தயங்குகிறவர்களுக்கும் மறுக்க முடியாத சாட்சி ஒன்று 1973-ஆம் வருஷத்திலிருந்தே இருந்து வருகிறது. பூமியை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோள் அந்த வருஷம் பழனி மலையைப் படம் பிடித்தது. அந்தப் படத்தையும் அதற்குப் பின் வந்த படங்களையும் அருகருகே வைத்துப் படிக்கிற வித்தை எத்தகையது, அது கவுஞ்சி போன்ற ஓர் ஊரைப் பற்றியும் அதைச் சூழ்ந்த மலையைப் பற்றியும் நமக்கு என்ன தெரிவிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழனி மலை, மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கு நோக்கிச் சமவெளிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு கிளை. அதன் உச்சிப் பிரதேசம் ஒரு பீடபூமி. வந்தரவுச் சிகரம் 2,500 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. இந்த உயரத்தில் தாவரங்கள் இரண்டு பெரும் கூட்டங்களாக நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஈரம் தங்கும் மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும், கிளைகள் முறுக்கேறி, பாசியும் ஆர்க்கிட் செடிகளும் போர்த்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும்; அது சோலை. மடிப்பை விட்டு வெளியே வந்து சரிவிலும் முகட்டிலும் ஏறினால், கண்ணுக்கெட்டிய தூரம் புல். மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் விழும் உறைபனியைச் சோலை மரங்களின் இளங்கன்றுகள் தாங்குவதில்லை. ஆதலால் சோலை தன் மடிப்பை விட்டுப் புல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை என்பது தாவர சாஸ்திரிகள் பலருடைய அபிப்பிராயம். புல்லுக்கென்றே உரிய ஜீவராசிகள் உண்டு. வரையாடு மேய்வது அங்கேதான். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை கூடு கட்டுவது அந்தப் புல்லின் தூருக்குள்ளேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கடைசியாக 2018-ல் பூத்த குறிஞ்சியும் அந்தச் சரிவுகளின் சொத்துதான். 1915-ல் நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிடத் தொடங்கிய பைசன் என்னும் பேராசிரியர் முதல், பிற்காலத்தில் பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்த பாதிரியார் மேத்யூ வரை, இம்மலையை ஆராய்ந்தவர்கள் சோலைக்கு நிகராகப் புல்லையும் சிரத்தையுடன் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் சர்க்காரின் கண்ணில் புல்வெளி என்பது வெறும் நிலமாகவே பட்டது. மரம் இருந்தால் காடு, மரம் இல்லாவிட்டால் வீண் நிலம் என்னும் எண்ணம் வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றி, சுதந்திரத்துக்குப் பின்னும் மாறாமல் தொடர்ந்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய பட்டைச் சாற்றைத் தரும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை என்றும் இதைச் சொல்வார்கள். அதனுடன் யூக்கலிப்டஸ் என்னும் தைல மரமும், பைன் மரமும் இம்மலைக்கு வந்தன. செயற்கைப் பட்டுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் இவை தேவைப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வனத்துறை இவற்றை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. நட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு நட்டவர்கள் அல்லர். தேசம் தொழில் வளர்ச்சியை வேண்டி நின்ற காலம் அது. எனினும் அவர்கள் நடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பெரும்பாலும் புல்வெளி. வெட்டிச் சாய்க்க மரமில்லாத நிலத்தில் குழி தோண்டுவது சுலபம் அல்லவா?

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்னும் நில அளவை அதிகாரி இம்மலையை அளக்க வந்தபோது, கால்நடையாக ஏறி, முகட்டுக்கு முகடு கருவியை நிறுத்திப் பார்த்துத்தான் வரைபடம் எழுத வேண்டியிருந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து, 1972 ஜூலையில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் பிற்காலத்தில் லேண்ட்சாட் என்று பெயர் பெற்ற செயற்கைக்கோள் வரிசையின் முதற் கோளை ஏவியது. அது பதினெட்டு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தின் மேல் திரும்ப வந்து, 185 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போயிற்று. 1980-கள் முதல் ஏவப்பட்ட லேண்ட்சாட் கோள்கள் பதினாறு நாளுக்கு ஒரு முறை வந்தன. கிராமத்து அடங்கல் பதிவேட்டில் சர்வே எண்வாரியாக இந்த நிலத்தில் இன்ன பயிர் என்று ஒவ்வொரு பசலிக்கும் எழுதி வைப்பதைப் போல, உலகம் முழுவதற்கும் ஓர் அடங்கலை இந்தக் கோள்கள் அரை நூற்றாண்டாக எழுதி வருகின்றன என்றால் மிகையாகாது.

அந்தப் பதிவின் அலகு பிக்சல் என்று வழங்கும் சதுரப் படப்புள்ளி. முதற் கோளின் கருவிக்கு ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டருக்கு 80 மீட்டர். நம்முடைய கணக்கில் சுமார் ஒன்றரை ஏக்கர். 1980-களில் வந்த கருவிகளுக்கு அது 30 மீட்டராகக் குறைந்தது. அதாவது ஏறக்குறைய 22 சென்ட். ஐரோப்பிய நாடுகள் 2015 முதல் ஏவிய சென்டினல் கோள்களுக்கு 10 மீட்டர்; இரண்டரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. கவுஞ்சியில் மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒரு படியில் பூண்டும், அடுத்த படியில் உருளைக்கிழங்கும், அதற்கடுத்த படியில் பீன்ஸோ காரட்டோ வைத்திருக்கும் விவசாயியின் நிலம், 1973-ன் படத்தில் அண்டை அயலாரின் நிலத்தோடும், ஓரத்து வேலி மரத்தோடும், நடுவே போகும் ஒற்றையடிப் பாதையோடும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளியாக முடிந்துவிடும். அந்தப் புள்ளிக்கு என்ன பெயர் இடுவது என்பதே இந்தச் சாஸ்திரத்தின் முதற் சங்கடம்.

பெயர் இடுவதற்கு உதவுவது ஒளி. நம் கண்ணுக்குத் தெரிகிற வர்ணங்களோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணங்களையும் செயற்கைக்கோள் தனித்தனியே அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இலையின் பச்சையம், தன் உணவைத் தயாரிப்பதற்காகச் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் சிவப்புக்கு அடுத்ததாகிய அண்மை அகச்சிவப்புக் கிரணத்தை இலையின் உள்ளமைப்பு ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே ஆரோக்கியமான இலை நிறைந்த இடம் சிவப்பில் இருளாகவும் அகச்சிவப்பில் பிரகாசமாகவும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீட்டெண். ஓரிடம் அகச்சிவப்பில் நூற்றுக்கு 45 பங்கையும் சிவப்பில் 5 பங்கையும் திருப்பி அனுப்பினால், 40-ஐ 50-ஆல் வகுக்க 0.8 வரும்; அங்கே அடர்ந்த பசுமை இருக்கிறது. உழுது போட்ட காய்ந்த மண் 30 பங்கையும் 25 பங்கையும் அனுப்பினால், 5-ஐ 55-ஆல் வகுக்க 0.1-க்கும் குறைவாகவே வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. உலகத்தின் வறட்சி நிலவரமும், பயிர் மகசூல் மதிப்பீடும், காட்டுப் பரப்பின் அளவும் அறிவதற்கு இந்த ஒரு வகுத்தல் பெரிதும் உதவுகிறது.

நம் தேசத்தில் இந்த வித்தைக்கு அடிகோலியவர் பிஷாரடி என்னும் விஞ்ஞானி. 1970-ஐ ஒட்டி, கேரளத்துத் தென்னந்தோப்புகளில் வேர்வாடல் நோய் பரவியிருந்த சமயம், ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு பிலிமில் தோப்புகளைப் படம் எடுத்து, நோயுற்ற தென்னை எது, நோயில்லாத தென்னை எது என்று பிரித்தறிய முடியும் என அவர் காட்டினார். அங்கிருந்து தொடங்கிய முயற்சி 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளாகப் பலித்தது. இன்று அவ்வரிசையின் படங்கள் பயன்படாத திட்டத்துறை இல்லை.

ஆயினும் பசுமையின் அளவை அறிவது வேறு, அந்தப் பசுமை எதனுடையது என்று அறிவது வேறு. மழை பெய்து ஓய்ந்த மாதத்தில் மேல்மலைப் புல்வெளியின் குறியீட்டெண்ணும், அதன் அருகே நிற்கும் வாட்டில் தோப்பின் எண்ணும், சோலையின் எண்ணும் நெருங்கியே இருக்கும். அந்த மாதத்துப் படத்தை மட்டும் நம்பி வரைபடம் வரைந்தால் மூன்றும் ஒரே பச்சையாகக் கலந்துவிடும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் காலத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். உறைபனிக்குப் பின், தை, மாசி மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகிறது; சோலையும் வாட்டிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கின்றன. மேகமும் அப்போதுதான் குறைவு. ஒரே வருஷத்தின் மழைக்காலப் படத்தையும் கோடைக்கு முந்திய படத்தையும் ஒப்பிட்டால், புல் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது.

விளைநிலத்தின் குணம் இதற்கு நேர்மாறானது; அது வருஷத்துக்குள் பல முறை வேஷம் மாறும். கவுஞ்சியிலும் பூம்பாறையிலும் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பூண்டு விளையும் நிலம், பாத்தி கட்டிய நாளில் வெறும் செம்மண். முளைத்துத் தாள் நீண்ட மாதத்தில் அடர்ந்த பச்சை. முற்றித் தாள் சாய்ந்ததும் மஞ்சள். பிடுங்கிய மறுநாள் மீண்டும் மண். ஒரே ஒரு நாளின் படத்தை வைத்துப் பார்க்கிறவர், தாள் மஞ்சளான பூண்டு வயலைக் காய்ந்த புல்வெளி என்றும், அறுவடையான வயலைத் தரிசு என்றும் நிர்ணயித்துவிட எல்லாச் சாத்தியமும் உண்டு. நாலைந்து மாதப் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கோ, மண்ணும் பச்சையும் மஞ்சளும் மண்ணுமாக மாறி மாறி வரும் அந்த ஓட்டமே இது மனிதர் உழுகிற நிலம் என்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுவே: ஒரு விவசாயக் குடும்பம் ஒரு வருஷம் முழுவதும் குனிந்து செய்த வேலை, விண்ணிலிருந்து எடுத்த எண்களின் ஏற்ற இறக்கத்தில் பிசகில்லாமல் பதிந்திருக்கிறது.

மலைக்கே உரிய மற்றொரு தொல்லை நிழல். செயற்கைக்கோள் முற்பகல் நேரத்தில் கடந்து போகிறது. கிழக்குச் சரிவில் வெயில் விழும்போது மேற்குச் சரிவு நிழலில் இருக்கும். ஒரே புல், ஒரு பக்கத்தில் பிரகாசமாகவும் மறுபக்கத்தில் சோலையைப் போல இருண்டும் தோன்றும். நிலத்தின் உயரத்தையும் சரிவையும் காட்டும் வேறொரு வரைபடத்தைக் கொண்டு, எந்தப் புள்ளியில் எத்தனை வெயில் விழுந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு எண்களைத் திருத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது சோலையையும் வாட்டிலையும் பிரிப்பது. இரண்டும் பசுமை மாறா மரங்கள். வாட்டில் தோப்புக்குள்ளேயே நிழலை நாடிச் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கும் இடங்களும் உண்டு. இங்கே எண்களுக்குத் துணையாக ஞாபகமும் தேவைப்படுகிறது. சோலை மரம் மெதுவாக வளர்வது. புல்வெளியை இருபது வருஷத்தில் விழுங்கிவிடும் சக்தி அதற்கு இல்லை. ஆகையால் 1973-ன் படத்தில் புல்லாகவும் 1993-ன் படத்தில் அடர்ந்த மரமாகவும் தெரிகிற முகடு சோலையாக இருக்க நியாயமில்லை. அதற்கு மேலும் உறுதி வேண்டுமானால் ஒரே வழி, நடந்து போய்ப் பார்ப்பது. ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டை கடிக்கும் ஓடைகளில் இறங்கி, முள்ளில் நுழைந்து, காட்டெருமைக்கு ஒதுங்கி நின்று, இந்த இடம் சோலை, இந்த இடம் பைன், இந்த இடம் புல் என்று நூற்றுக்கணக்கான இடங்களைக் குறித்து வருவார்கள். அக்குறிப்புகளில் ஒரு பகுதியைக் கணிப்பொறிக்குக் காட்டினால், அது ஒவ்வொரு வகை நிலத்தின் ஒளிக்குணத்தையும் கற்றுக்கொண்டு, மலை முழுவதும் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளுக்குப் பெயர் இடும். மறு பகுதியைக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்து, பிறகு கணிப்பொறி இட்ட பெயரோடு ஒப்பிட்டு, எத்தனை சரி, எத்தனை தவறு, எதை எதுவென்று மயங்கியது என்று பட்டியல் போடுவார்கள். இந்தப் பட்டியல் இல்லாத வரைபடம் எத்தனை வர்ணத்தில் அச்சாகியிருந்தாலும் அதை நம்ப வேண்டியதில்லை.

இவ்வளவு பிரயாசையும் பழனி மலைக்காக ஒரு முறை முழுமையாக மேற்கொள்ளப்பட்டது. திருப்பதியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபினும், அரசுமணியும், அவர்களுடைய சகாக்களும் நாற்பது வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. இம்மலையைப் பல வருஷங்களாகப் புகைப்படம் எடுத்து வந்த இயான் லாக்வுட்டும், வட்டக்கானலில் சோலைச் செடிகளுக்கு நாற்றங்கால் வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட்டும் அதில் பங்கு கொண்டனர். முடிவு இது: அந்த நாற்பது வருஷத்தில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் நூற்றுக்கு 66 பங்கு மறைந்தது, சோலையில் நூற்றுக்கு 31 பங்கு மறைந்தது. தொடக்கத்தில் மலையின் உச்சியில் மிகப் பரந்ததாகவும் இடையறாது தொடர்ந்ததாகவும் இருந்த நிலவகை புல்வெளி; இறுதியில் மிக அரிதாகவும் துண்டு துண்டாகச் சிதறியும் போன நிலவகைகளுள் அதுவும் ஒன்று. அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தவை தொழிலுக்காக நட்ட மரத்தோப்புகள். விவசாயம் பிடித்தது அதைவிடக் குறைவு.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை நிலவிய பொது அபிப்பிராயம், அந்நிய மரங்களால் அழிந்தது முக்கியமாகச் சோலையே என்பது. நீதிமன்ற உத்தரவுகளும் அந்நிய மரங்களை அகற்றிச் சோலை மரங்களை மீட்கும்படி சொல்லி வந்தன. நல்ல எண்ணத்தில் பிறந்த உத்தரவுகள்தாம். ஆனால் ஒரு காலத்தில் புல்லாக இருந்த முகட்டில் வாட்டிலை வெட்டிவிட்டுச் சோலைக் கன்றை நட்டால், அது இழந்ததை மீட்பது ஆகாது. புல்வெளியின் மேல் இரண்டாம் தடவையாக மரத்தைத் திணிப்பது ஆகும். இரட்டிப்புக்கு மேல் அழிந்தது எதுவோ அதைப் பற்றிப் பேச்சே எழாமல் இருந்ததற்குக் காரணம், மரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் நம் பழக்கம்.

அந்தப் பழக்கம் நம் அதிகாரபூர்வக் கணக்குகளிலும் உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை 1987 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசத்தின் வனப்பரப்பை அறிவித்து வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரங்களின் மேல் விதானம் நூற்றுக்கு 10 பங்காவது நிழல் தருமானால் அது வனப்பரப்பு என்பது அதன் இலக்கணம்; மரம் எந்த ஜாதி, நிலம் யாருடையது, தானே முளைத்ததா நட்டதா என்ற கேள்வி அந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை. மேல்மலையில் ஒரு புல்வெளி வாட்டில் தோப்பாக மாறினால், அந்தக் கணக்கில் அது வனத்தின் லாபமாக ஏறும். அத்துறையின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேசம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மலைக்கு அந்த ஒரு அளவுகோல் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு முதற் பதில் தண்ணீர். பழனி மலையில் விழும் மழை வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் இறங்கி, திருப்பூர், கரூர், தேனி, மதுரை ஜில்லாக்களின் கழனிகளுக்குப் போகிறது. வாட்டில் வருஷம் முழுவதும் இலையோடு நின்று நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி ஆகாயத்தில் விடும் மரம். இதே மரம் இதே ஆஸ்திரேலியாவிலிருந்து போய்ப் பரவிய தென்னாப்பிரிக்காவில், ஓடைகள் வற்றுவதைக் கண்டு, 1995-ல் அந்நிய மரங்களை அகற்றி நீரோட்டத்தை மீட்பதற்கென்றே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழைத் தொழிலாளர் பல்லாயிரம் பேருக்கு அது கூலியும் தந்தது.

இன்னொரு நஷ்டம், நட்ட இடத்தோடு வாட்டில் நிற்பதில்லை என்பது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு உறங்கும். தீப்பட்டாலோ மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ ஒரே சமயத்தில் ஆயிரமாயிரமாக முளைக்கும். புதிதாக நடுவதை நிறுத்திய பின்பும் தோப்பின் விளிம்பிலிருந்து புல்வெளிக்குள் அது அடியெடுத்து வைப்பதைப் பிந்திய வருஷங்களின் படங்கள் காட்டுகின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள உச்சிப் புல்வெளிகள் அனைத்தையும் இதே முறையில் ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, 44 வருஷத்தில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு 23 பங்கு, அந்நிய மரங்களுக்குப் போய்விட்டதாக 2019-ல் தெரிவித்தது. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவையே அதிகம் இழந்தவை.

இந்த இடத்தில்தான் வரைபடம் வெறும் சரித்திரமாக நில்லாமல் காரியத்துக்கு உதவும் கருவியாகிறது. முற்றிய தோப்பை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பது பெருஞ்செலவு. வெட்டினால் விதைகள் விழித்துக்கொள்ளும். உள்ளே முளைத்திருக்கும் சோலைக் கன்றுகளும் நாசமாகும். மாறாக, இன்னும் மிஞ்சியிருக்கும் புல்வெளி எது, அதன் ஓரத்தில் எங்கெங்கே இளம் வாட்டில் தலைகாட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை முதலில் பிடுங்கினால் குறைந்த செலவில் நிறைந்த பலன் கிடைக்கும். 22 சென்ட் புள்ளியில் ஆளுயர வாட்டில் கன்று தெரியாது. அதற்காகவே நீலகிரியில், விமானத்தில் பொருத்தி ஒளியை நானூறுக்கு மேற்பட்ட நுண்ணிய பட்டைகளாகப் பகுத்து அளக்கும் கருவியின் படங்களைக் கொண்டு, வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மூன்றையும் தனித்தனியே அடையாளம் காணும் முயற்சி நடந்தது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் படங்களோடு அதை ஒப்பிட்டும் பார்த்தார்கள். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது; 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இவை இரண்டும் நல்ல காரியங்கள். எந்த முகட்டில் எதை மீட்பது என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியே நிர்ணயித்தால்தான் அவை முழுப் பலன் தரும்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. எது பட்டா நிலம், எது வனத்துறை நிலம் என்று அதற்குத் தெரியாது. மேல்மலையில் பட்டா நிலத்திலேயே யூக்கலிப்டஸ் வளர்த்து, பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ வெட்டி விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாட்டில் விறகு இல்லாவிட்டால் அடுப்பெரியாத வீடுகளும் இருக்கின்றன. படத்தில் தோப்பின் பரப்பு தெரியும், அடுப்பு தெரியாது. எனவே அகற்ற வேண்டிய இடத்தை வரைபடம் காட்டிய பிறகு, அகற்றும் விதத்தையும் வேகத்தையும் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஜனங்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். புல்வெளி மறைந்ததற்கு விவசாயி பிரதான காரணம் அல்லன் என்று அந்த ஆராய்ச்சியே சொல்லியிருக்கும்போது, மீட்பு வேலையின் பாரத்தை அவன் தலையில் வைப்பது தர்மம் ஆகாது. மன்னவனூரில் மத்திய சர்க்காரின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக ஆடு மேய்த்து வரும் புல்வெளியைப் பார்க்கிறவர்களுக்கு, புல்லும் பயன் தருகிற நிலந்தான் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இன்றுவரை உள்ளவை அனைத்தும் 2008-லிருந்து உலகத்தார் யாவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. இஸ்ரோவின் புவன் தளத்திலும் நம் நாட்டுப் படங்களைப் பார்க்கலாம். வன மகோத்சவத்துக்கென்றும், பள்ளிக்கூட விழாவுக்கென்றும், பிறந்த நாளுக்கென்றும் கொடைக்கானலுக்கு மரக்கன்றுகளை ஏற்றிக்கொண்டு வருகிற சங்கங்களுக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: குழி தோண்டுவதற்கு முன்னால், நீங்கள் நிற்கிற இடம் 1973-ஆம் வருஷத்துப் படத்தில் சோலையாக இருந்ததா, புல்லாக இருந்ததா என்று விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். புல்லாக இருந்திருந்தால், கன்றை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்.